ஹவுஸ்ஃபுல் பலகையைத் தொங்கவிடுங்கள்

ஆன்லைன் ரோல்பிளே விளையாட்டுகளை உருவாக்கி வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். புதிய விளையாட்டோ பழைய விளையாட்டின் விரிவாக்கமோ வெளியாகும் நாளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விளையாட்டை இயக்கும் உங்கள் கணினியான சர்வர் திணறும், உள்ளே நுழையக் காத்திருப்போரின் லாகின் வரிசை ஆயிரக்கணக்கில் நீளும், உள்ளே போனவர்களும் பாதியில் வெளியே தள்ளப்படுவார்கள், பொழுது சாய்வதற்குள் 'எதிர்பார்த்ததைவிட வரவேற்பு அதிகம்' என்ற பொருளில் உங்களிடமிருந்து ஓர் அறிக்கை வரும். அந்த அறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். முன்பதிவு எத்தனை, முதல் நாள் விற்பனை எத்தனை, ஒரு சர்வர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்ற மூன்று கணக்கும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. மூன்றையும் வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கண்டு வியப்படைவதாகச் சொன்னால், வரிசையில் நிற்பவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

நான் வரிசையில் நின்ற கதை ஒன்றைச் சொல்கிறேன். விளையாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. இரவு எட்டு மணிக்குத் திரையில் என் எண் 5,842 என்று காட்டியது. ஒன்பதே முக்காலுக்கு 3,107. அப்போது ஓர் எர்ரர் செய்தி வந்து விளையாட்டே மூடிக்கொண்டது. உடனே மறுபடி திறந்து பாஸ்வேர்டு கொடுத்தால் பழைய இடம் கிடைக்கும், ஒரு நிமிடம் தவறினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான் என்பதை அதற்குள் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம். அதனால் நான் தோசை வார்க்கப் போனபோது என் தங்கையைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். உள்ளே நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. மறுநாள் காலை எனக்கு வேலை. ஐந்து இரவுகள் இப்படியே போயின. ஆடுவதற்காகக் கட்டும் மாதச் சந்தா மட்டும் ஒரு நாளும் வரிசையில் நிற்கவில்லை, முதல் மணியிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது.

இதெல்லாம் சில்லறைப் புலம்பல் என்று நீங்கள் எண்ணலாம். 2012 மே 15 அன்று டயாப்லோ 3 வெளியானபோது எழுந்ததையும் முதலில் அப்படித்தான் பலர் எண்ணினார்கள். தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய அந்த விளையாட்டுக்கும் எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று அதை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் வைத்திருந்த விதியால், சர்வர் நிரம்பிய நேரத்தில் வீட்டில் தனியாக ஆட நினைத்தவர்களும் சர்வரில் இடமில்லை என்று சொல்லும் 'எர்ரர் 37' என்ற வாசகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக நிறுவனமே அறிவித்தது. தென் கொரியாவில் ஆட்டக்காரர்கள் கிண்டல் படங்கள் போடுவதோடு நிற்காமல் முறையாகப் புகார் கொடுத்தார்கள். அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் அதே மாத இறுதியில் நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்தில் சோதனை நடத்தியது. அடுத்த மாதமே, குறிப்பிட்ட லெவலைத் தாண்டாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு கொரியாவில் அறிவிக்கப்பட்டது. 37 என்ற எண் விளையாட்டு உலகில் கேலிச்சொல்லாக நிலைத்துவிட்டது. ஆனால் அந்தக் கேலிக்குள், பணம் வாங்கிக்கொண்டு பொருளைத் தராதிருப்பதற்கு என்ன பெயர் என்ற நுகர்வோர் கேள்விதான் இருந்தது.

கூட்டம் தாங்காமல் தடுமாறுவது ஒரு வகை என்றால், விளையாட்டே வேகாமல் இறக்கப்படுவது இன்னொரு வகை. 2010 செப்டம்பர் 30 அன்று வெளியான ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் விளையாட்டு இதற்குப் பாடமாகவே சொல்லப்படுகிறது. ஒரே மலையும் ஒரே பள்ளமும் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்ட நிலப்பரப்பு, எந்தப் பட்டியலைத் திறந்தாலும் காத்திருக்க வைக்கும் மெனு, வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அனுபவப் புள்ளிகளைக் குறைக்கும் 'களைப்பு' விதி என்று குறைகள் அடுக்கடுக்காக இருந்தன. அந்தக் களைப்பு விதிக்கு, வெளியீட்டுக்கு முன் ஆட்டக்காரர்களை ஆடவிட்டுப் பார்க்கும் பீட்டா சோதனைக் காலத்திலேயே எதிர்ப்புக் கிளம்பிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் கடையைத் திறந்த பிறகு வந்து கூச்சல் போடுவதில்லை, உலையில் அரிசி வேகும்போதே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில், அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் யோய்ச்சி வதா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், தயாரிப்பாளர் மாற்றப்பட்டு நவோகி யோஷிதா பொறுப்பேற்றார், மாதச் சந்தா வசூலிப்பது 2012 ஜனவரி வரை நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கே தவறியது என்று பின்னாளில் பொது மேடையில் விளக்கிய யோஷிதா ஒரு பூந்தொட்டியைக் காட்டினார். விளையாட்டுக்குள் அலங்காரத்துக்காக வைத்திருந்த அந்தத் தொட்டி ஒன்றை வரைவதற்கு ஆகும் கணினி உழைப்பு, ஒரு முழு மனிதக் கேரக்டரை வரைவதற்கு ஆகும் உழைப்புக்குச் சமமாக இருந்ததாம். திரையில் இருபது பேருக்கு மேல் கூடினால் விளையாட்டு ஏன் திக்கியது என்பது அந்த ஒரு தொட்டியில் எங்களுக்கு விளங்கிவிட்டது. இப்படி வெட்கத்தை விட்டுச் சொன்னவரிடம் எங்களுக்குக் கோபம் நீடிக்கவில்லை. 2012 நவம்பரில் பழைய சர்வர்கள் மூடப்பட்டன. 2013 ஆகஸ்ட் 27 அன்று விளையாட்டு கிட்டத்தட்ட அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டப்பட்டு மறுபடி வந்தது.

இந்தக் கதையைத் தோல்விக்குப் பின் எழுச்சி என்று உங்கள் கூட்டங்களில் நீங்கள் போற்றுவது வழக்கம். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. 2013 வெளியீட்டிலும் கூட்டம் தாங்காமல் லாகின் தடைபட்டது. அப்போது அந்த நிறுவனம் டிஜிட்டல் பிரதிகளின் விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தியது. 2021 டிசம்பரில் அதே விளையாட்டின் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வந்தபோது வரிசை பல மணி நேரம் நீண்டு, வரிசையிலிருந்தே வெளியே தள்ளும் எர்ரர் 2002 வாட்டி எடுத்தது. உலகெங்கும் நிலவிய செமிகண்டக்டர் தட்டுப்பாட்டால் புதிய சர்வர்களை நினைத்த நேரத்தில் வாங்க முடியவில்லை என்பதையும், அந்த எர்ரர் எந்தச் சூழ்நிலையில் எழுகிறது என்பதையும் யோஷிதா விளக்கி எழுதினார். சந்தாதாரர்களுக்கு முதலில் 7 நாள்கள், பிறகு மேலும் 14 நாள்கள் இலவசமாகத் தரப்பட்டன. யாரும் விண்ணப்பம் போட வேண்டியிருக்கவில்லை, கணக்கிலேயே சேர்க்கப்பட்டன. அத்தோடு, நன்றாக விற்றுக்கொண்டிருந்த விளையாட்டின் விற்பனையையும் இலவச முன்னோட்டத்தையும் நிறுத்திவிட்டு, 2022 ஜனவரி 25 அன்றுதான் மறுபடி விற்பனைக்கு விட்டார்கள்.

எங்கள் ஊர்த் திரையரங்குகளில் இதற்கு ஒரு பலகை உண்டு. இருக்கைகள் நிரம்பியதும் டிக்கெட் கவுன்டரின் சிறு ஜன்னலை மூடிவிட்டு 'ஹவுஸ்ஃபுல்' பலகையை மாட்டுவார்கள். வெளியே நிற்பவர்கள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த காட்சிக்குக் காத்திருப்பார்கள். ஆனால் டிக்கெட்டையும் கொடுத்துவிட்டு உள்ளே இடமில்லை என்று சொல்லும் அரங்கை யாரும் அடுத்த முறை எட்டிப் பார்ப்பதில்லை.

உங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. முதல் வாரக் கூட்டம் ஆறாம் மாதத்தில் இருக்காது. 2021 செப்டம்பரில் நியூ வேர்ல்ட் என்ற விளையாட்டு வந்தபோது, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குவிந்தார்கள். ஒரு சர்வருக்கு ஏறத்தாழ 2,000 பேர் என்ற அளவால் வரிசை நீண்டது, அவசரமாகப் புதுப் புது சர்வர்கள் திறக்கப்பட்டன. பிறகு கூட்டம் வடிந்ததும் வெறிச்சோடிய சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியதாயிற்று. திருவிழா நாளுக்கு வரும் கூட்டத்தை மனத்தில் வைத்து யாரும் வீடு கட்டுவதில்லை என்பது சரியே. அதனால்தான் நான் கூடுதல் சர்வர்களைக் கேட்கவில்லை, இருக்கும் இடத்துக்குமேல் விற்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளே நுழைந்தவர்கள் இடம் போய்விடும் என்று பயந்து, விசைப்பலகையில் ஒரு பொத்தானின் மேல் பாரம் வைத்துத் தங்கள் கேரக்டரை நடக்கவிட்டுவிட்டு அலுவலகம் போன கதைகள் எங்களுக்குள் சிரிப்போடு பேசப்படுகின்றன. அப்படி ஒருவர் பிடித்துவைத்த இடத்துக்காக வெளியே இன்னொருவர் காத்திருந்தார். வாடிக்கையாளர் சேவையில் பதில் தட்டச்சும் ஊழியரையும், கேரக்டரை வரைந்த ஓவியரையும், பெயர் சொல்லித் திட்டி மிரட்டல் அனுப்புகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அதற்கு எந்த எர்ரர் எண்ணும் சமாதானம் ஆகாது. வெளியீட்டுத் தேதியைக் குறித்தவர் அந்த ஊழியரும் அல்லர், ஓவியரும் அல்லர்.

ஆகவே, அடுத்த வெளியீட்டுக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் தாருங்கள். வரிசை எத்தனை மணி நேரத்தைத் தாண்டினால் விற்பனையை நிறுத்துவீர்கள் என்பதை முன்பதிவுப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஆட முடியாத நாள்களைக் கேட்காமலே சந்தாவில் சேர்த்துவிடுங்கள். உங்கள் சர்வர் மூடிக் கிடந்த நேரம் எங்களைவிட உங்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் வரிசையில் ஒருவரின் இடம் குறைந்தது பதினைந்து நிமிடமாவது அப்படியே இருக்கும்படி செய்யுங்கள். மூன்றில் செலவு குறைந்தது இந்தக் கடைசிதான் என்பது என் எண்ணம்.

நான் குறிப்பிட்ட அந்த ஐந்து நாள்களுக்காக வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியிருந்தேன். விண்ணப்பம் வரிசையில் இருப்பதாகப் பதில் வந்தது.

இப்படிக்கு,
சந்தா கட்டி ஆடும் ஒருவன்,
மதுரை.