கட்டண அட்டவணை எழுதுகிறவர்களுக்கு ஒரு புளிக்காரியின் மடல்

இணையச் சந்தை நிறுவனத்தின் விற்பனையாளர் கட்டணப் பிரிவில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. எழுதினால் என் கடையை முடக்கிவிடுவீர்களோ என்ற பயம் பாதி. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருமே தங்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்ற எண்ணம் மீதி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மத்தூருக்குப் பக்கம் எங்கள் ஊர். நான்கு ஆண்டுகளாக உங்கள் தளத்தில் கொட்டை எடுத்த புளி விற்கிறேன். கேழ்வரகு மாவும் சாமை அரிசியும் கூட உண்டு, ஆனால் அடுப்பு எரிவது புளியால்தான். என் தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல்தான் நீங்கள் அட்டவணை எழுதுகிறீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். தெரிந்தே எழுதுகிறீர்கள் என்றால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

புளி ஆண்டுக்கு ஒருமுறை வரும் சரக்கு. தை பிறந்ததும் சாலையோர மரங்களின் மகசூலை ஏலம் விடத் தொடங்குவார்கள். மாசியிலும் பங்குனியிலும் உலுக்கி இறக்குவார்கள். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் வாங்கினால்தான் உண்டு. வாங்கியதை வெயிலில் காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். எங்கள் திண்ணையில் நான்கு பெண்கள் உட்கார்ந்து கிலோ கணக்கில் கூலிக்குத் தட்டுகிறார்கள். இடது கையில் புளி, வலது கையில் சிறு இரும்புக் கட்டை, எதிரே ஒரு கல். தட்டின் வேகம் ஒரே சீராக இருக்கும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் கொட்டை உடைந்து சதையோடு ஒட்டிவிடும், அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள். புதுப்புளி இளஞ்சிவப்பாக இருக்கும். வெளியில் வைத்தால் மாதங்கள் போகப்போகக் கறுக்கும். நிறம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் குளிர்பதனக் கிடங்கில் போட வேண்டும். கிடங்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை தனி.

ஆக, பங்குனி முடியும்போது அடுத்த பங்குனி வரைக்கும் விற்க வேண்டிய சரக்கை நான் மொத்தமாக வாங்கி முடித்திருப்பேன். போன பருவத்தில் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாங்கிய புளி இரண்டு டன். என்ன விலைக்கு விற்றால் என்ன மிஞ்சும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். அந்தக் கணக்கில் உங்கள் கட்டணமும் ஒரு வரி. அந்த வரியைத்தான் நீங்கள் ஆடி மாதம் மாற்றினீர்கள்.

மின்னஞ்சல் வந்தது ஒரு வியாழக்கிழமை இரவு, பதினொரு மணிக்கு மேல். ஆங்கிலத்தில். திங்கட்கிழமை முதல் புதிய கட்டணம் என்று அதில் இருந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. உங்களிடமிருந்து நாளுக்கு ஏழெட்டு மின்னஞ்சல் வரும், பெரும்பாலும் விளம்பரம் போடச் சொல்லித்தான். பத்து நாள் கழித்து வங்கியில் விழுந்த பணம் குறைவாக இருக்கவே, கல்லூரியில் படிக்கும் என் மகளைப் பிடித்து உட்காரவைத்துப் பழைய மின்னஞ்சலை எல்லாம் தேடினோம். அவள் படித்துச் சொல்லச் சொல்ல, கேழ்வரகு மாவு லேபிளின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டேன். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஒரு கிலோ புளி 249 ரூபாய். ஒரு ரூபாய் குறைவு என்று காட்டுகிற கடைக்காரத் தந்திரம் இல்லை அது. 250-ஐத் தாண்டினால், பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு மேல் நீங்கள் எடுக்கும் நிலைக்கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடும், அதனால் வைத்த விலை. புளியும் கூலியும் கிடங்கு வாடகையும் சேர்ந்து எனக்கு அடக்கம் 128 ரூபாய். உறை, அட்டைப்பெட்டி, லேபிள் 11 ரூபாய். மொத்தம் 139. முன்பு நீங்கள் எடுத்தது கமிஷன் 6 சதவீதம், அதாவது 14 ரூபாய் 94 காசு. நிலைக்கட்டணம் 5. அனுப்புகூலி 46. இவற்றின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். எல்லாம் போக எனக்கு வந்தது 171 ரூபாய் 19 காசு. அடக்கம் போனால் 32 ரூபாய் மிச்சம்.

இப்போது கமிஷன் 8 சதவீதம், நிலைக்கட்டணம் 12, அனுப்புகூலி 54. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. வரியோடு சேர்த்துக் கூட்டினால் 101 ரூபாய் 39 காசு. கைக்கு வருவது 147 ரூபாய் 61 காசு. மிச்சம் 8 ரூபாய் 61 காசு.

அன்றைக்குக் கிடங்கில் 1,400 கிலோ இருந்தது. கிலோவுக்கு 23 ரூபாய் 58 காசு குறைந்தால் எவ்வளவு? பெருக்கிப் பார்த்தேன், 33,012 ரூபாய். மகள் கைப்பேசியில் இன்னொரு முறை போட்டாள். அதே தொகைதான் வந்தது.

இதில் வரி ஒரு தனிக்கதை. காய்ந்த புளிக்கு 2019 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி கிடையாது. நல்லதுதானே என்பீர்கள். ஆனால் வரியில்லாத பொருளை விற்கிறவர், தான் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. துணிக்கடைக்காரர் உங்கள் கட்டணத்தின் மேல் கட்டும் 18 சதவீதத்தைத் தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார். புளி விற்றதற்கு நான் கட்டுவது போனது போனதுதான். நீங்கள் கட்டணத்தில் 10 ரூபாய் ஏற்றினால் எனக்கு அது 11 ரூபாய் 80 காசு. வரி போட்டது நீங்கள் இல்லை, தெரியும். எதன் மேல் வரி விழுகிறதோ அந்தத் தொகையை ஏற்றுவது நீங்கள்.

நிலைக்கட்டணம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். 12 ரூபாய் என்பது 249 ரூபாய்ப் பொருளில் கிட்டத்தட்ட 5 சதவீதம். அதே 12 ரூபாய், 2,490 ரூபாய்ப் பொருளில் அரை சதவீதம்கூட இல்லை. எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போது, கிலோ புளி விற்கிறவள் தலையில்தான் பாரம் அதிகமாக ஏறுகிறது.

எடைக்கு வருகிறேன். ஒரு கிலோ புளியை உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினால் தராசில் 1 கிலோ 70 கிராம் காட்டும். உங்கள் அனுப்புகூலி அரைக்கிலோ அரைக்கிலோவாக ஏறுகிறது. அதனால் அந்த 70 கிராமுக்காக ஒன்றரைக் கிலோவின் கூலி கொடுக்கிறேன். இது பற்றி உங்கள் உதவி மையத்தில் கேட்டபோது, "900 கிராம் பொட்டலமாகப் போடுங்கள்" என்று யோசனை சொன்னார்கள். வருடப்புளி வாங்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைக்கிற வீடுகள் எங்கள் வாடிக்கை. 900 கிராம் புளி என்று அவர்களிடம் சொன்னால் மீதி 100 கிராம் எங்கே என்று கேட்பார்கள். என் அப்பா போச்சம்பள்ளிச் சந்தையில் புளி விற்றவர். கிலோ நிறுத்தபின் ஒரு கைப்பிடி கொசுறு போடாமல் அவர் பை கட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் மகள் கிலோவில் 100 கிராம் குறைத்து விற்கிறாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

பொட்டலம் திரும்பி வந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது, அவ்வளவுதான். திரும்பி வந்ததற்குக் கட்டணம் வரியோடு 85 ரூபாய். ஊர் சுற்றி வந்த உணவுப்பொருளை இன்னொருவருக்கு நான் அனுப்ப மாட்டேன், ஆகவே 139 ரூபாய் அடக்கமும் போயிற்று. ஆக 224. புதிய கட்டணத்தில் கிட்டத்தட்ட 26 பொட்டலம் விற்றால்தான் அந்த ஒன்றை ஈடுகட்ட முடியும்.

விலையை ஏற்றிக்கொள் என்பீர்கள். ஏற்றினேன், 289. இரண்டு வாரத்தில் ஆர்டர் பாதியாகிவிட்டது. வேறு தளத்துக்குப் போ என்பீர்கள். நான்கு ஆண்டில் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட மதிப்புரைகளை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியுமா? கடையைக் காலி செய்தால் அவை உங்கள் சுவரிலேயே நின்றுவிடும்.

போச்சம்பள்ளியைச் சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. நீங்கள் நடத்துவதும் சந்தை என்றுதான் சொல்கிறீர்கள், அதனால் ஒப்பிடுகிறேன். சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏலத்தில் எடுப்பார்கள். தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. சுங்கக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்குக்கு மேல் ஐந்தோ பத்தோ பிடுங்குகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் பிடுங்குகிறவர் எதிரே நிற்பார். அப்பா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போடுவார், பக்கத்துக் கூடைக்காரம்மா சேர்ந்துகொள்வார், ஒரு தொகைக்கு வந்து நிற்கும். மாட்டு வியாபாரத்தில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டுக்குள்ளேகூட இரண்டு பேர் கை இருக்கும்.

உங்கள் உதவி மையத்தில் நான்கு நாள் முயன்று தமிழ் பேசும் ஒரு தம்பி கிடைத்தார். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அக்கா, உங்களுக்குத் தெரிகிற அதே அட்டவணைதான் எனக்கும் தெரிகிறது. யார் மாற்றினார்கள் என்று எனக்கும் தெரியாது" என்றார். அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

உங்களால் எனக்குக் கிடைத்ததையும் மறைக்கவில்லை. மண்டியில் சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். புனேயிலிருந்து ஒருவர் என் புளியைப் படம் எடுத்துப் போட்டுப் பாராட்டியதெல்லாம் உங்கள் தளம் இல்லாமல் நடந்திருக்காது. பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட எங்கள் பக்கத்துக் குடும்பங்கள்தான் இன்றைக்கும் என் பெரிய வாடிக்கை. (கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், நாகர்கோவில் 500-க்கும் மேல். 2023 அக்டோபர் முதல் சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலும் இணையத்தில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். புளியைப் போல இல்லாமல் வரி உள்ள மாவும் விற்கிற நான் நாகர்கோவிலுக்கு அனுப்பப் பதிவு வேண்டாம், ஓசூரைத் தாண்டப் பதிவு வேண்டும். எல்லையோரம் பிறந்தவளுக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று.)

கட்டணமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. மீஷோ 2021-இல் கமிஷனே இல்லை என்று அறிவித்தது. 2025-இல் அமேசான் 300 ரூபாய்க்குக் குறைந்த பல வகைப் பொருட்களுக்கும், ஃபிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் குறைந்த பொருட்களுக்கும் கமிஷனை எடுத்துவிடுவதாக அறிவித்தன. நான் கேட்பது அதைவிடச் சிறியது. சித்திரையில் ஒரு கட்டணம் சொன்னால் அது அடுத்த பங்குனி வரை நிற்க வேண்டும். அவ்வளவு நாள் முடியாது என்றால், மாற்றுவதற்கு 90 நாள் முன்னால் தமிழில் சொல்லுங்கள். அட்டவணையின் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். உன் ஒரு கிலோ புளிக்கு இன்று எடுப்பது இவ்வளவு, இன்ன தேதி முதல் எடுக்கப்போவது இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதுங்கள். நான் எழுதிய பொருள் விவரத்தில் ஒரு சொல் பிசகினால் நொடியில் கண்டுபிடிக்கும் உங்கள் கணினிக்கு இந்தக் கூட்டல் கஷ்டமாக இருக்காது.

இதே மடலின் நகலை ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறைக்கும் அனுப்புகிறேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளில் வாங்குகிறவர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி, நானும் வாங்குகிறவள்தான். விற்கிறவர் புகாருக்கு அப்படி ஒரு கெடு அங்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல், இணையத் தளங்கள் விற்பனையாளருக்கான விதிமுறைகளை மாற்றுவதானால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தராமல் செய்த மாற்றம் செல்லாது. அங்கே 15 நாள் என்றால் இங்கே நான் 90 கேட்பது பேராசை என்று யாராவது சொல்லலாம். அவர்களை மாசி மாதம் எங்கள் திண்ணைக்கு அழைக்கிறேன். ஒரு மூட்டை புளியைத் தட்டி முடித்துவிட்டுச் சொல்லட்டும்.

கிடங்கில் இன்னும் 600 கிலோ இருக்கிறது. மறுபடியும் பழைய விலைக்கே இறக்கி விற்றுக்கொண்டிருக்கிறேன், கிலோவுக்கு எட்டு ரூபாய் அறுபத்தொரு காசு மிச்சத்தில். தை வரப்போகிறது. இந்த ஆண்டு எத்தனை மூட்டைக்கு இடம் வேண்டும் என்று கிடங்குக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். உங்கள் பதில் வந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மத்தூர்ப் பக்கத்துப் புளிக்காரி