கையில் இருந்த கட்டியும் பெரியப்பாவின் பிராய்லர் கோழியும்

அன்புள்ள சேகர்,

போன மாதம் நீ போனில் கையைப் பற்றிக் கேட்டபோது பக்கத்தில் அம்மா இருந்தாள், அதனால் மழுப்பிவிட்டேன். கட்டியை எடுத்தாகிவிட்டதுடா. கொழுப்புக் கட்டிதான், விடுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னதை நம்பி நாலு வருஷம் விட்டிருந்தேன், ஆனால் எங்கேயாவது இடித்தால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று ஓடும். எம்ஆர்ஐ, ஆபரேஷன், பயாப்சி எல்லாம் முடிந்து வந்த பெயர் ஷ்வானோமா. புற்றுநோய் இல்லை. நரம்பிழைகளுக்கு உறை போடுகிற ஷ்வான் செல்லிலிருந்து வளர்வது, இழைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தனிப் பையில் உட்கார்ந்திருந்ததால் பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல் எடுத்துவிட்டார்கள். விரல் கொஞ்சம் மரத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்க வந்த பெரியப்பா, "அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது, எல்லாம் பிராய்லர் கோழி" என்றார். பழைய எலும்புகளைத் தோண்டி எடுக்கிற தொல்லியல்காரன் உன்னைத்தான் நினைத்தேன். என்னைத் தாழியில் புதைத்து மூவாயிரம் வருஷம் கழித்து உன்னைப் போல ஒருத்தன் தோண்டினால் அவனுக்கு என்ன கிடைக்கும்? கட்டி சதையோடு போய்விடும், கை எலும்பு சுத்தமாக இருக்கும். காது நரம்பில் வந்திருந்தால் கதை வேறு: மெதுவாக அழுத்தி அழுத்தி, மண்டையோட்டுக்குள் அந்த நரம்பு நுழைகிற ஓட்டையை அகலமாக்கிவிடும். அப்போதும் உனக்குக் கிடைப்பது கட்டி இல்லை, அது இருந்த காலி இடம்தான்.

இன்னொன்று. தொழுநோய்க் கிருமி போய்க் குடியேறுவதும் இதே ஷ்வான் செல்லில்தானாம்! சின்ன வயதில் கரிகிரி ஆஸ்பத்திரிப் பக்கம் விரல் மடங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறோமே, அந்த நோய் மூக்கெலும்பையும் விரலெலும்பையும் அரித்துத் தடம் விட்டுவிடுகிறது. ராஜஸ்தானில் பாலாத்தலில் கிடைத்த எலும்புக்கூட்டில் 4000 வருஷத்துக்கு முந்தைய தொழுநோயைக் கண்டதாக 2009இல் கட்டுரை வந்தது உனக்குத் தெரியாததா. ஒரே செல்லில் வருகிற இரண்டு நோய். ஒன்று எலும்பில் எழுதிவைக்கிறது, என்னுடையது பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. அதனால் எலும்பில் காணோம் என்பதை வைத்து அந்தக் காலத்தில் இல்லை என்று பெரியப்பா ஜெயிக்க முடியாது, சரிதானே?

அடுத்த முறை உடைந்த மண்டையோடு கையில் வந்தால் உள்பக்கக் காது ஓட்டையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார், எனக்காக. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த பையம்பள்ளிக்கு மறுபடி ஒரு நடை போகலாம், வா. கையில் தையல் பிரித்தாகிவிட்டது, வண்டியை நீதான் ஓட்ட வேண்டும். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு அம்மா பொறுப்பு.

உன்,
குமார்