அப்பா இருந்த வரை 'குட் டைம்ஸ்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'குட் டைம்ஸ்' தொடருக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தது. அந்தப் பத்தியிலும் பாதி இடத்தை மூத்த மகன் ஜே.ஜே.யின் 'டைனமைட்!' கூச்சல் பிடித்துக்கொண்டது. அதைப் படித்துவிட்டு யாராவது தொடரைத் தேடிப் போனால் தவறான இடத்தில்தான் போய் இறங்குவார்கள். எங்கே தொடங்குவது, எதைத் தவறவிடக் கூடாது, எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் விவரம். சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1974 பிப்ரவரி 8 அன்று தொடங்கி 1979 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த தொடர் இது. ஆறு சீசன், 133 எபிசோடு. சிகாகோவில் ஒரு ஹவுசிங் போர்டு அடுக்குமாடி, அதில் 17சி எண் வீடு, அங்கே எவன்ஸ் குடும்பம். வசனத்தில் குடியிருப்பின் பெயர் வராது. டைட்டில் ஓடும்போது காட்டப்படும் கட்டடங்கள் கப்ரினி-கிரீன் என்ற சிகாகோ குடியிருப்பு. தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் மான்டி வளர்ந்த இடமும் அதுதான். இன்னொருவர் மைக் எவன்ஸ்; தயாரிப்பு நார்மன் லியர். 'மாட்' என்ற தொடரில் வீட்டு வேலைக்காரியாக வந்த ஃப்ளோரிடா பாத்திரத்தைத் தனியே பிரித்தெடுத்து இந்தத் தொடரைச் செய்தார்கள். அங்கே அவள் புருஷன் பெயர் ஹென்றி, தீயணைப்பு வீரன், ஊர் நியூயார்க் பக்கம். இங்கே ஜேம்ஸ், சிகாகோ, நிலையான வேலை கிடையாது. ஏன் மாறியது என்று தொடர் எங்கும் விளக்காது. நாமும் தேட வேண்டாம்.

கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஃப்ளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல், இந்தக் குடும்பத்தில் அப்பா இருந்தால்தான் நடிப்பேன் என்று நிபந்தனை போட்டார். கறுப்பினக் குடும்பம் என்றாலே அப்பா இல்லாத வீடு என்று அமெரிக்க அரசு அறிக்கையிலிருந்து தெருப்பேச்சு வரை ஊறிப்போயிருந்த காலம் அது. அப்படித்தான் ஜேம்ஸாக ஜான் ஏமோஸ் உள்ளே வந்தார். தொடரின் நல்ல எபிசோடுகள் எவை என்று கேட்டால், பெரும்பாலும் ஜேம்ஸ் வீட்டில் இருக்கும் எபிசோடுகள்தான்.

ஆகவே முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள். முதலில் ஒளிபரப்பான 'டூ ஓல்ட் ப்ளூஸ்' எபிசோடில் ஜேம்ஸுக்கு ஒரு நல்ல வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வீடே அதை நம்பி நிற்கிறது. கடைசியில் வயது வரம்பு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாவதாக வந்த 'கெட்டிங் அப் தி ரென்ட்' வாடகை பாக்கிக் கதை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்குகிறார்கள். ஃப்ளோரிடா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சூதாட்டப் பணம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பவள் அவள். பூல் எனும் பில்லியர்ட்ஸ் வகை விளையாட்டில் பந்தயம் கட்டிப் பணம் பிடிக்கக் கிளம்புகிறார் ஜேம்ஸ். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தொடரின் கட்டுமானம் பிடிபட்டுவிடும். முதலில் கடன், அதற்குப் பிறகு ஜோக். கடன் நிஜமாக இருப்பதால்தான் ஜோக்குக்குச் சிரிப்பு வருகிறது. பிற்கால எபிசோடுகளில் இந்த வரிசை தலைகீழாகிறது. அவை சப்பென்று போவதற்கும் அதுவே காரணம்.

செட்டையும் கவனியுங்கள். கூடமும் சமையல் இடமும் ஒன்று. ஜே.ஜே.யும் தம்பி மைக்கேலும் படுப்பது அந்தக் கூடத்து சோபாவில். தனியாகப் போய் அழ இடமில்லாத வீடு. அதனால் ஒவ்வொரு சண்டையும் எல்லார் முன்னாலும்தான் நடக்கிறது. வெளியுலகம் உள்ளே வரும் வழி அந்த ஒற்றை வாசற்கதவு. பக்கத்து வீட்டு விலோனா வந்தாலும் அதன் வழியாகத்தான், தந்தி வந்தாலும் அதன் வழியாகத்தான். பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து வீடியோ டேப்பில் பதிவு செய்த தொடர் இது. சிரிப்பொலி எங்கே வருகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்று காது கொடுத்தால், நல்ல எபிசோடு எது என்று தானே தெரிந்துவிடும்.

இரண்டாவது எபிசோடான 'பிளாக் ஜீசஸ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜே.ஜே. ஒரு கறுப்பு இயேசுவை வரைந்து வைத்திருக்கிறான். அதற்கு மாடல், அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த குடிகாரர் நெட். மைக்கேல் அதைச் சுவரில் மாட்டுகிறான். அம்மாவுக்குச் சிறு வயதிலிருந்து பழகிய இயேசு வெள்ளைக்காரர். கம்பளி போன்ற முடி, காய்ச்சிய வெண்கலம் போன்ற பாதம் என்று பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவதை மைக்கேல் எடுத்துக்காட்டுகிறான். இவ்வளவோடு விட்டிருந்தால் பட்டிமன்றமாகியிருக்கும். படத்தை மாட்டியதிலிருந்து வீட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. பக்தியில் அவ்வளவு ஈடுபாடு இல்லாத ஜேம்ஸ், படத்தைக் கழற்றவே கூடாது என்று நிற்கிறார். பக்தையான ஃப்ளோரிடா கழற்று என்கிறாள். நம்பிக்கை ஒரு பக்கம், நப்பாசை ஒரு பக்கம், நடுவில் ஒரு குடிகாரரின் முகம். அரை மணி நேர இடத்துக்குள் இதை முடித்த நேர்த்திக்காகவே இரண்டு தடவை பார்க்கலாம்.

ஓவியம் பற்றி ஒரு உபரித் தகவல். ஜே.ஜே. வரைந்ததாகக் காட்டப்படும் பல ஓவியங்கள் எர்னி பார்ன்ஸ் வரைந்தவை. முன்பு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்; அவர் வரையும் மனிதர்கள் நீண்ட கைகால்களுடன், மூடிய கண்களுடன் இருப்பார்கள். பின்னாள் சீசன்களின் டைட்டிலில் வரும் நடனக் கூட ஓவியம் 'தி சுகர் ஷேக்'. அவர் வரைந்த அதன் ஒரு வடிவம் 2022 மே மாதம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.5 கோடி டாலரைத் தாண்டி விலைபோனது. ஏலக்காரர்கள் மதிப்பிட்டிருந்தது அதிகபட்சம் 2 லட்சம் டாலர்!

மைக்கேலுக்கு இரண்டு எபிசோடு. 'மைக்கேல் கெட்ஸ் சஸ்பெண்டட்' எபிசோடில், ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர், இனவெறியர் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் வாங்கி வருகிறான். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தது வரலாறு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் மகன் எப்படியாவது படித்து மேலே வர வேண்டும் என்பது பெற்றோர் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் இந்தத் தொடர் நன்றாக எழுதப்படும். இன்னொன்று இரண்டாம் சீசனின் 'தி ஐ.க்யூ. டெஸ்ட்'. கப்புக்கு ஜோடி எது என்று கேள்வி. வினாத்தாளுக்குச் சரியான விடை சாஸர். சாஸரே இல்லாத வீட்டுப் பையன் ஒருவன் மேசை என்று எழுதுகிறான், கப்பை அவன் பார்த்ததெல்லாம் மேசைமேல்தான். இது வசனகர்த்தாவின் கற்பனைக் கோபம் இல்லை. இத்தகைய தேர்வுகளை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை மூளை வளர்ச்சி குறைந்தோர் வகுப்பில் தள்ளுவதை எதிர்த்து, 'லாரி பி.' என்ற வழக்கு அப்போது கலிஃபோர்னியாவில் நடந்துகொண்டிருந்தது. 1979இல் தீர்ப்பு பிள்ளைகளுக்குச் சாதகமாக வந்தது.

'தி டின்னர் பார்ட்டி'யும் பரவாயில்லை: விருந்துக்கு வரும் மூதாட்டி கொண்டுவந்த மீட்லோஃப் என்ற இறைச்சிப் பண்டம் நாய் உணவில் செய்ததோ என்ற சந்தேகம். ஜே.ஜே. சுடப்படும் 'தி கேங்', போதைக்கு அடிமையான பெண்ணாக டெபி ஆலன் வரும் 'ஜே.ஜே.ஸ் ஃபியான்சே' இரண்டும் இரட்டை எபிசோடுகள். ஜே.ஜே. கோமாளியாக இல்லாமல் மகனாக இருக்கும்போது ஜிம்மி வாக்கர் எவ்வளவு நன்றாக நடிப்பார் என்பதற்கு இவை சாட்சி.

கோளாறு எங்கே தொடங்கியது? 'டைனமைட்' சொல்லைப் பிடித்துக்கொண்டவர் இயக்குநர் ஜான் ரிச். லியருக்கு அதில் விருப்பமில்லை. எபிசோடுக்கு ஒரு தடவை மட்டும் என்று சமரசம் செய்துகொண்டார்கள். சொல் பிரபலமானது. அதைச் சொல்பவனைச் சுற்றிக் கதைகள் சாயத் தொடங்கின. படிக்கும் மகள் தெல்மாவும் வாதிடும் இளைய மகனும் ஓரமானார்கள். எஸ்தர் ரோல் 1975இல் 'எபனி' இதழ் பேட்டியில் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். ஜான் ஏமோஸ் கதைகளைப் பற்றித் தொடர்ந்து சண்டை போட்டார்; மூன்றாம் சீசன் முடிந்ததும் வெளியேற்றப்பட்டார். சில மாதங்களிலேயே, 1977 ஜனவரியில், அடிமைமுறை பற்றிய 'ரூட்ஸ்' தொடரில் வயதுவந்த குன்டா கின்டே என்ற அடிமையாக அவரை அமெரிக்கா முழுவதும் பார்த்தது.

அவர் போனதால் எழுதப்பட்டதுதான் 'தி பிக் மூவ்'. 1976 செப்டம்பர் 22, 29 தேதிகளில் வந்தது. மிசிசிப்பியில் ஜேம்ஸுக்கு ஒரு கராஜில் கூட்டாளி வாய்ப்பு. ஒருவழியாக இந்தக் கட்டடத்தை விட்டுப் போகப் போகிறோம் என்று மூட்டை கட்டுகிறார்கள். விருந்து நடுவே தந்தி வருகிறது. நல்ல செய்தி என்று நினைத்தே ஃப்ளோரிடா பிரிக்கிறாள். கார் விபத்தில் ஜேம்ஸ் இறந்துவிட்டார். இரண்டாம் பகுதியில், அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களை அவள் சிரித்த முகமாக உபசரிக்கிறாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் திகைக்கிறார்கள். எல்லாரும் போன பிறகு, கையிலிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் அடித்து உடைத்து, ஒரே வசைச்சொல்லை மூன்று தடவை சொல்கிறாள்.

இந்தக் கடைசிக் காட்சியைத் துண்டாக மட்டும் பார்ப்பதுதான் இன்று பலர் செய்யும் தவறு. தனியாகப் பார்த்தால் கொஞ்சம் மிகை நடிப்பாகக்கூடத் தோன்றும். அதற்கு முந்தைய இருபது நிமிடம் அவள் அழாமல் இருந்ததன் பாரம்தான் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. மறுஒளிபரப்புக்காக வெட்டிய பிரதிகளிலும் இதே சிக்கல் உண்டு. விளம்பரத்துக்கு இடம் வேண்டி, கதைக்குத் தேவையில்லை என்று தோன்றும் அமைதியான நிமிடங்களைத்தான் முதலில் கத்தரிப்பார்கள். வெட்டாத பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.

அதற்குப் பிறகு அதிகம் இல்லை. ஃப்ளோரிடாவுக்குக் கார்ல் என்பவரோடு மறுமணம் நடக்கிறது. ரோலும் விலகுகிறார். ஆறாம் சீசனில் திரும்பி வரும்போது கார்லைக் காணோம். ஐந்தாம் சீசன் தொடக்கத்தின் நான்கு பகுதிக் கதை மட்டும் விதிவிலக்கு. பின்னாளில் பாடகியாகப் புகழ்பெற்ற ஜேனட் ஜாக்சன், 1977இல் 11 வயதில், பெற்ற தாயாலேயே கொடுமைப்படுத்தப்படும் பென்னியாக அதில் அறிமுகமானார். இஸ்திரிப் பெட்டியால் சூடு வைக்கும் கதை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். பென்னியைத் தத்தெடுக்கும் விலோனாவாக ஜானெட் டுபோய், தாயும் தகப்பனும் இல்லாத அந்தத் தொடரை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிறார்.

கடைசி எபிசோடில் எல்லாருக்கும் ஒரே நாளில் விடிவுகாலம். தெல்மாவின் கணவன் கீத்தின் முழங்கால் குணமாகி சிகாகோ பேர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம், ஜே.ஜே.யின் காமிக்ஸ் விற்பனை, தெல்மா கர்ப்பம், புது வீடு, அதே கட்டடத்தில் விலோனாவும். மூன்று சீசன் ஜேம்ஸுக்கு ஒரு நிலையான வேலை கொடுக்காத கதாசிரியர்கள், அவர் இல்லாதபோது இவ்வளவையும் வாரிக் கொடுத்ததைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கும். பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

ஒரு திருத்தமும் வேண்டும். கட்டுரையோடு வந்த பட்டியலில் 'தி பிக் மூவ்' ஒரே எபிசோடாக அச்சாகியிருக்கிறது. அது இரண்டு பகுதி. முதல் பகுதி தந்தியோடு முடிந்துவிடும். அதோடு யாரும் நிறுத்திவிடாமல் இருக்க, அடுத்த இதழில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்