மழை விடுமுறைக்கு ஒரு மழைமானி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதிகாலையில் கண்விழிக்கும் சென்னைப் பெற்றோர் முதலில் தேடும் செய்தி, மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருக்கிறாரா என்பதுதான். அறிவிப்பு ஏன் முந்தைய இரவே வரவில்லை என்றும், வெயில் அடித்த நாளில் எதற்காக விடுமுறை விட்டார்கள் என்றும் ஆண்டுதோறும் வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். விடுமுறை விட்ட பிறகு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஆறு வயதுக் குழந்தையும் ஒன்பது வயதுக் குழந்தையும் அந்த நாளை எப்படிக் கழிக்கின்றன என்று எவரும் எழுதி நான் படித்ததில்லை. மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மழை நாள்களில், மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேரனைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புதான். அந்த உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற பருவமழையில் ஒரு நாள், விடுமுறை அறிவிப்பு வந்த அரை மணி நேரத்திற்குள் பேரன் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து வாட்ஸ்ஆப்பில் பதினொரு பக்கப் பயிற்சித்தாள் வந்து சேர்ந்தது. அதை அச்செடுத்து, எழுதி முடித்து, படம் எடுத்து மாலைக்குள் அனுப்ப வேண்டுமாம். தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும் என்று பள்ளியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு இணையவழி வகுப்பு என்றார்கள். ஒன்பது ஐந்துக்கு மின்சாரம் போய்விட்டது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு ஏறியவுடன் குழந்தைக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்துவிடுகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. என் மகள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வசிக்கிறாள். அங்கே பனிப்பொழிவு மிகுந்த நாளில் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். ஆண்டுக்கு 180 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்பது அம்மாநில விதியாதலால், பனியில் இழந்த நாள்களை ஜூன் மாதத்தில் ஈடுகட்டுகிறார்கள். நாம் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவதைப் போலத்தான். நியூயார்க் நகரத்தில் பனி விடுமுறையையே எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக இணையவழி வகுப்பு என்று முடிவு செய்தார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று பனி கொட்டியபோது, பல குழந்தைகளால் வகுப்பிற்குள் நுழையவே முடியாமல் போய், அது பெரும் பேச்சாயிற்று. என் பேத்தி அப்படிப்பட்ட ஒரு பனி நாளில் செய்த காரியத்தைக் காணொளி அழைப்பில் காட்டினாள். நேரான கண்ணாடிக் குவளை ஒன்றில் பனியை விளிம்பு வரை நிரப்பி, அது வீட்டுச் சூட்டில் உருகிய பிறகு எவ்வளவு நீர் மிஞ்சும் என்று முதலிலேயே ஊகித்துக் கோடு போட்டிருந்தாள். பாதிக் குவளை இருக்கும் என்பது அவள் ஊகம். மிஞ்சியதோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பனித்துகள்களுக்கு இடையே இருந்த காற்று. பயிற்சித்தாள் எதுவும் இல்லாமல், அவள் வாசலிலேயே விழுந்து கிடந்த பொருளிலிருந்து அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டாள். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். குவளையில் அள்ள முடியாது. ஆனால் மழை நம் மொட்டைமாடியில் விழுந்துகொண்டே இருக்கிறது.

பேரனும் நானும் ஒரு மழைமானி செய்தோம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள்பகுதிக்குக் கீழே வெட்டி, மேல்துண்டின் மூடியைக் கழற்றிவிட்டு அதைத் தலைகீழாகப் புனல்போலச் செருகினால் வேலை ஏறக்குறைய முடிந்தது. வெட்டும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கற்களின் கனத்தால் காற்றிலும் பாட்டில் சாயாது. அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடுகள். தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் மறைக்காதபடி மாடியின் நடுவில் அதை வைக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. முதல் நாள் சுவரோரம் வைத்து, பெய்த மழைக்குப் பொருந்தாமல் குறைவாக நீர் சேர்ந்ததைக் கண்டு அவனே இடத்தை மாற்றினான்.

இரண்டாம் நாள் அவன் கேட்ட கேள்விக்காகவே இக்கடிதத்தை எழுதலாம். பாட்டிலின் வாய் சிறியது, பக்கத்தில் இருந்த வாளியின் வாய் பெரியது. வாளியில்தானே அதிக மழை விழும், அப்படியிருக்க வானிலை ஆய்வு மையம் எந்தப் பாத்திரத்தை நம்புகிறது என்றான். நேரான பக்கங்கள் உள்ள ஓர் அகலமான டப்பாவையும் பாட்டிலையும் அருகருகே வைத்து அளந்தோம். இரண்டிலும் நீரின் உயரம் ஒன்றே. வாய் பெரிதானால் விழும் நீரும் அதிகம், அது பரவுவதற்கான இடமும் அதிகம் என்பதைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு அரை நாள் ஆயிற்று. பரப்பளவு, கொள்ளளவு என்று நான் பலகையில் எழுதிப் போட்டு ஆண்டுக்கணக்கில் விளக்கியதைவிட அந்த அரை நாள் பயனுள்ளது என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வாய் அகன்று அடி குறுகிய டம்ளரை வைத்தால் நீர்மட்டம் கூடுதலாகக் காட்டும். அது ஏன் என்பதை அவனிடம் விட்டுவைத்திருக்கிறேன்.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30 மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறது. நாங்களும் அதே நேரத்தில் அளந்து, நீரைக் கொட்டிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினோம். மறுநாள் தங்கள் நாளிதழில் வந்த நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிட்டோம். செய்தியில் சென்டிமீட்டர், எங்கள் பாட்டிலில் மில்லிமீட்டர். ஆகவே பத்தால் பெருக்க வேண்டியதாயிற்று. 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை என்னும் வகைப்பாட்டைச் சுவரில் ஒட்டிவைத்த பிறகு, தொலைக்காட்சியில் கனமழை என்று சொன்னால் போதும், எங்கள் மாடியில் அப்படியில்லையே என்று மறுப்பறிக்கை வெளியிட வீட்டில் ஒருவன் இருக்கிறான்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழையில் அந்த மாடியில் 2,800 லிட்டர் விழுகிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் அளந்தால் ஏறத்தாழ 187 குடம். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு இந்த எண் வெறும் எண்ணாக இருக்காது. அந்த நீர் எந்தக் குழாய் வழியே எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று வீட்டின் மழைநீர் சேகரிப்பு அமைப்பைத் தேடிப் பார்ப்பது அடுத்த வேலை. 2003-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். எங்கள் அடுக்ககத்தில் குழாயின் வாய் அடைத்துக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

தாங்கள் நாள்தோறும் வெளியிடும் ஏரிகளின் நீர் இருப்பு அட்டவணையும் அருமையான கணக்குப் புத்தகம். முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081, புழலுக்கு 3,300, செம்பரம்பாக்கத்துக்கு 3,645, கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகைக்கு 500. ஐந்து பானைகளை இந்த அளவுகளுக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாக வரைந்து, அன்றன்றைய இருப்புக்குத் தக்கபடி நீலம் தீட்டிக்கொண்டே வந்தால், எண்ணைப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட எந்த ஏரி நிரம்பப்போகிறது என்பது தெரிந்துவிடும். 2019 கோடையில் இந்தப் பானைகள் வறண்டு கிடந்ததையும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் அப்போது கதையாகச் சொல்லலாம்.

புயல் வரும் நாள்களில் பெயரைப் பற்றிப் பேச்சு வராமல் இராது. 2020-இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர்கள் தந்திருக்கின்றன; மொத்தம் எத்தனை என்பது வாய்ப்பாட்டுக் கணக்கு. அதற்கு முந்தைய பட்டியலில் இருந்த வர்தா பாகிஸ்தான் தந்த பெயர்; அதற்கு ரோஜா என்று பொருள். மிக்ஜாம் மியான்மர் தந்தது, ஃபெஞ்சல் சவுதி அரேபியா தந்தது. இந்த நாடுகளை வரைபடத்தில் தேட வைத்து, வானொலியில் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு புயலின் பாதையைப் புள்ளி புள்ளியாகக் குறிக்கச் சொன்னால், 13 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கை ஒட்டி நம் ஊர் இருப்பதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இவையெல்லாம் மாடியும் பாட்டிலும் நாளிதழும் உள்ள வீட்டுக்குச் சரி. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தவர்களுக்கு என்ன வழி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் நான் பணியாற்றிய பள்ளி நிவாரண முகாமாயிற்று. பாடப்புத்தகங்களை வெள்ளத்தில் இழந்த குழந்தைகள், தாங்கள் படித்த வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். சமையலுக்கு வந்த புளியிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி, ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, சாக்பீஸில் கட்டம் போட்டுத் தாயம் ஆடினார்கள். நான்கு கொட்டைகளை நூறு முறை உருட்டி ஒவ்வொரு முறையும் எத்தனை வெள்ளை விழுகிறது என்று கோடு போடச் சொன்னேன். இரண்டு வெள்ளை அடிக்கடி விழுந்தது, நான்கு வெள்ளை அபூர்வமாகத்தான் விழுந்தது. கொட்டைகள் விழக்கூடிய பதினாறு விதங்களையும் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கரும்பலகையில் எழுதிப் பார்த்து, ஆறு விதங்களில் இரண்டு வெள்ளையும் ஒரே ஒரு விதத்தில் நான்கு வெள்ளையும் வருவதைக் காட்டினாள். அவளுடைய தாய் அன்று முகாம் வாசலில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். விளையாட்டு அவர்களுடைய துயரத்தைத் தீர்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிற்பகலைக் கடத்த உதவியது.

மின்சாரம் இல்லாத மாலையில் டார்ச் வெளிச்சத்தில் நிழல் காட்டுவது, பாட்டிமார் சொல்லும் விடுகதை, தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று மழைக்கு எத்தனை பெயர் என எண்ணுவது போன்றவற்றை விளக்கத் தேவையில்லை. காகிதக் கப்பலைப் பற்றி மட்டும் ஒரு சொல். மெழுகுவத்தியைத் தேய்த்த காகிதத்தில் ஒன்றும் தேய்க்காத காகிதத்தில் ஒன்றுமாகக் கப்பல் செய்து, எது அதிக நாணயங்களைத் தாங்குகிறது, எது அதிக நேரம் மிதக்கிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் அது வீட்டுக்குள் அகலமான பேசினில்தான் நடக்க வேண்டும். பனி நாட்டுக் குழந்தை வெளியே போய்ப் பனியில் புரளலாம். நம் தெருவில் தேங்கிய நீருக்கு அடியில் மூடியில்லாத மழைநீர் வடிகாலும், அருகில் மின் இணைப்புப் பெட்டியும் இருக்கக்கூடும். எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. இடி மின்னல் இருக்கும்போது மாடிக்கும் போகக் கூடாது. மழைமானியை எட்டரை மணிக்குப் பெரியவர் ஒருவர் துணையோடு மழை ஓய்ந்த நேரம் பார்த்து எடுத்துவந்தால் போதும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஈடுசெய்யும் சனிக்கிழமையில் முதல் அரை மணி நேரத்தைக் குழந்தைகளின் மழைக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். முப்பது பிள்ளைகள் முப்பது தெருக்களில் அளந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால், நுங்கம்பாக்கத்து அளவு ஒன்று மட்டுமே சென்னையின் மழை ஆகாது என்பது அவர்களுக்கே விளங்கும். அளக்காமல் வந்த குழந்தையைத் தயவுசெய்து திட்ட வேண்டாம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய இடம்தான். பருவமழை மாதங்களில் ஏரி நீர் இருப்பு அட்டவணைக்குப் பக்கத்தில், முழுக் கொள்ளளவையும் அன்றைய இருப்பையும் குழந்தைகள் வண்ணம் தீட்டத்தக்க ஐந்து வெற்றுப் பானைகளோடு வெளியிடுங்கள். மழை அளவைச் சென்டிமீட்டரோடு மில்லிமீட்டரிலும் தாருங்கள். மழைமானி செய்யும் முறையைச் செப்டம்பர் கடைசிக்குள் ஒரு நாள் படத்தோடு அச்சிட்டால் நல்லது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் மழை தொடங்கிவிட்டால் பாட்டிலை வெட்ட உட்காரும் நாளிலேயே முதல் மழை கணக்கில் வராமல் போய்விடும். எங்கள் குறிப்பேட்டில் அப்படித்தான் முதல் பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை.