பாப்பாவுக்கு: இந்த வாரம் சுவர்ணலதா பாட்டு போட்டோம்

பாலக்கோடு,
ஞாயிறு ராத்திரி.

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்குத் தக்காளி விலையும் உங்கம்மாவின் முட்டிவலியும்தான் வாயில் வருகிறது. இது கொஞ்சம் நீளமான விஷயம். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பற்றி உனக்கு அரைகுறையாகத் தெரியும். சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருந்தாரே, அவருடைய கடையில்தான் கூடுகிறோம். தொழில் எப்போதோ நின்றுபோய்விட்டது. குழாய்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆனால் ரெக்கார்டு பெட்டி மட்டும் துணி போட்டு மூடி பத்திரமாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்குவார். அவர், நான், சைக்கிள் கடை பாய், நாதஸ்வரக்காரர், ரிட்டயரான டீச்சரம்மா. ஐந்து பேர்தான். ஆறாவதாக ஒரு தபால்காரர் இருந்தார், போன வருஷம் போய்விட்டார். ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்க ஜனங்கள் தபாலாபீசுக்கு வந்த காலத்துக் கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. பணம் கட்டாமல் ரேடியோவைப் போர்வைக்குள் வைத்து இலங்கை வானொலி கேட்டவர்கள் யார் யார் என்று தெருவாரியாகச் சொல்வார். பொங்கும் பூம்புனல் ஆரம்பித்தால் தபால் பையைக் கீழே வைத்துவிட்டு யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுவேன் என்பார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு பாடகர் காலமான நாள் அந்த வாரத்தில் வந்தால் அவருடைய பாட்டு ஒன்று. பேச்சு கிடையாது, மாலை கிடையாது. பாட்டு முடிந்ததும் டீ. டீ முடிந்ததும் சண்டை. சண்டை பெரும்பாலும் எனக்கும் சவுண்டுக்காரருக்கும்தான். அவர் டி.எம்.எஸ். கட்சி. நான் பி.பி.ஸ்ரீனிவாஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல் என்று ஒரே தொண்டையில் இரண்டு ஆளை வைத்திருந்த மனுஷன் உலகத்தில் வேறு யாரு என்பார். நியாயம்தான், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் பேச என்ன இருக்கிறது?

எனக்கு பி.பி.எஸ். பிடித்ததற்கு நம் ரூட்தான் காரணம். தருமபுரியில் வண்டி எடுத்து, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர். ராயக்கோட்டை தாண்டிவிட்டால் பஸ்ஸில் பாதிப்பேர் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். எந்தப் பாட்டைப் போட்டாலும் யாராவது ஒருத்தர் "மாத்துப்பா" என்பார். ஸ்ரீனிவாஸ் பாட்டுக்கு மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நமக்கு அவர் ஜெமினி கணேசன் குரல். கன்னடக்காரர்களுக்கு ராஜ்குமாரின் குரல். பிறந்ததோ ஆந்திராவில் காக்கிநாடா, அதனால் தெலுங்குக்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒருநாள் உத்தனப்பள்ளியில் ஏறிய பெரியவர் ஒருவர், "இவரு எங்க ஆளு" என்று டிக்கெட் வாங்காமல் பத்து நிமிஷம் வாதாடினார். நானும் டிக்கெட்டை மறந்துவிட்டு வாதாடினேன். அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஏறியிருந்தால் என் வேலை போயிருக்கும்!

வண்டியில் கேசட் பாடு பெரும்பாடு. வெயிலில் டேஷ்போர்டு மேலே வைத்தால் டேப் தளர்ந்து, பாடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி இழுக்கும். ராயக்கோட்டை ரோட்டுப் புழுதி ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கக் குரலே காணாமல் போகும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கிற வேலை என்னுடையது. டிரைவர் அண்ணனுக்குப் புதுப் பாட்டு, எனக்குப் பழைய பாட்டு. போகும்போது அவர், வரும்போது நான் என்று ஒப்பந்தம். உன் காலத்துப் பாட்டுகள் என் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் போகும் ட்ரிப்பில்தான். விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டேன் என்று சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2010 பிள்ளையார் சதுர்த்தி சனிக்கிழமை வந்தது. நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய். மறுநாள், செப்டம்பர் 12. தெருமுனைப் பிள்ளையாருக்கு இன்னும் மைக் செட் ஓடிக்கொண்டிருந்தது. சீர்காழி கோவிந்தராஜன் விநாயகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது டிவியில் சுவர்ணலதா செய்தி. முப்பத்தேழு வயசு. நீ சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதாய். உங்கம்மா வைத்த களியும் கீரையும் ஆறிப்போயிற்று. நான் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "சினிமாவுல பாடுன பொண்ணுக்கு என்னமோ வீட்டுல எழவு விழுந்த மாதிரி... எழுந்து சாப்பிடு" என்றேன். "அவங்க யாருன்னு தெரியுமாப்பா உங்களுக்கு?" என்று கேட்டாய். "எனக்கெதுக்குத் தெரியணும்?" என்றேன். நீ பதில் பேசவில்லை. அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டாய்.

உனக்கு இது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. எனக்கு ஞாபகம் வரும்படி 2013 வந்தது. சித்திரை ஒண்ணாந்தேதி, ஏப்ரல் 14, வீட்டில் ஒப்புட்டு சுட்டுக்கொண்டிருந்தார்கள். பி.பி.ஸ்ரீனிவாஸ் போய்விட்டார் என்று செய்தி. மூன்று நாளில், 17ஆம் தேதி, டி.கே.ராமமூர்த்தி. விஸ்வநாதனோடு சேர்ந்து பாட்டுகளை அப்படி இழைத்த வயலின்காரர். அந்த வேதனை ஆறுவதற்குள் மே 25, டி.எம்.எஸ். ஆறு வாரத்தில் மூன்று பேர். என் இளமைக்காலத்தை யாரோ மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று உங்கம்மாவைக் கேள். யாரும் என்னிடம் "எழுந்து சாப்பிடு" என்று அதட்டவில்லை.

நீ அப்போது சென்னையில் வேலையில் இருந்தாய். ராத்திரி போன் செய்தாய். மந்தைவெளியில் டி.எம்.எஸ். வீட்டுக்குப் போய், கூட்டத்தோடு நின்று, பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாய். "உங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டேம்ப்பா" என்றாய். நான் "சரி சரி, நேரத்தோட ரூமுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் சவுண்டுக்காரரிடம், என் பொண்ணு நேரில் போய் வந்தாள் என்று நாலு தடவை சொன்னேன். அவர் கட்சித் தலைவருக்கு என் வீட்டிலிருந்து மரியாதை! அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் என்னோடு சண்டை போடவில்லை.

எஸ்.பி.பி. போன 2020 செப்டம்பர் 25 ஒன்றுதான் நீயும் நானும் ஒரே ஆளுக்கு அழுத நாள். ஊரடங்கு, கூட்டமெல்லாம் நின்றுபோயிருந்தது. நீ அங்கே மெல்போர்னில், நான் இங்கே. போனை வைக்காமல் இரண்டு பக்கமும் சும்மா இருந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

போன மாதம் டீச்சரம்மா ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார். அவர் வாணி ஜெயராம் பக்தை. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள், கையில் வாங்குவதற்கு முன்னால் பிப்ரவரி 4ஆம் தேதி அந்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சரம்மாவுக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அவர் சொன்னார்: "நாம அஞ்சு பேரும் நம்ம பாட்டையே நமக்கே போட்டுக்கிட்டிருக்கோம். அடுத்த வாரத்துலேர்ந்து ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பிள்ளைக்குப் பிடிச்ச ஆளு பாட்டு ஒண்ணு கொண்டுவரணும். இருக்கிறவங்க வேண்டாம், போனவங்கதான்."

நாதஸ்வரக்காரர் முகத்தைச் சுளித்தார். அவரைப் பொறுத்தவரை 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் காருக்குறிச்சியார் வாசித்ததோடு சினிமாவின் கடமை முடிந்துவிட்டது. பாய் ஒரு வாரம் தப்பித்தார். "எனக்கும் நாகூர் ஹனீபா, என் மகனுக்கும் நாகூர் ஹனீபா" என்று அதே கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் குரலுக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பேன், கல்யாண வீட்டுப் பந்தலே ஆடும் என்று சவுண்டுக்காரர் சொன்னார். இந்துக் கல்யாணத்திலும் 'இறைவனிடம் கையேந்துங்கள்' கேட்டு வாங்குவார்களாம். அது நானும் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் என் முறை. உன் அலமாரியைத் திறந்தேன். நீ விட்டுப்போன கேசட்டுகள் செருப்புப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் பாட்டு வரிசை, சுவர்ணலதா பாட்டுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். 'கருத்தம்மா' பாட்டுக்கு இரண்டு நட்சத்திரம்.

அந்தப் பாட்டை எனக்கு நன்றாகத் தெரியும், பாப்பா. அன்றைக்குத் தெரியாது என்று சொன்னது பொய். 1994இல் அந்தக் கேசட் வந்தபோது டிரைவர் அண்ணன் தினமும் போடுவார். 'போறாளே பொன்னுத்தாயி' வரும்போது பஸ்ஸில் பொம்பளைங்க பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் முன்னால் போய் அடுத்த பாட்டுக்கு ஓட்டிவிடுவேன். பெண் குழந்தையைப் பிறந்ததும் என்ன செய்தார்கள் என்கிற கதை அந்தப் படம். நம் ஜில்லாவில் அது சினிமாக் கதை இல்லை. பக்கத்துச் சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நீ பிறந்தபோது சொந்தத்தில் ஒரு கிழவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொட்டப்புள்ளயாச்சே, என்ன பண்ணப் போறே?" என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம்தான். பதில் சொல்லாமல் உள்ளே வந்து உன்னைத் தூக்கிக்கொண்டேன். உங்கம்மாவுக்குக்கூட இதுவரை சொன்னதில்லை. அந்தக் குரல் எப்போது வந்தாலும் எனக்கு அந்தக் கிழவியின் முகம்தான் வரும். அதனால்தான் ஓட்டிவிட்டேன். அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது என்பதுகூட எனக்கு டீச்சரம்மா சொல்லித்தான் தெரியும்.

இன்று அதைத்தான் கொண்டுபோனேன். நீ முன்பு சொன்ன 'மாலையில் யாரோ' போடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் இரண்டு நட்சத்திரம் போட்டதை விட்டுவிட்டு வேறெதைக் கொண்டுபோவது? சவுண்டுக்காரர் கேசட்டைத் தட்டிப்பார்த்துவிட்டு, ஹெட்டை நன்றாகத் துடைத்துப் போட்டார். முழுசாகக் கேட்டேன். கடைசிவரை. யாரும் டீ என்று எழுந்திருக்கவில்லை.

அப்புறம் டீச்சரம்மா என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணை முதன்முதலா சினிமாவுல பாட வெச்சது யாரு தெரியுமா?" என்று கேட்டார். இளையராஜா என்றேன். பாய் ரகுமான் என்றார். "உங்க விஸ்வநாதன்தான். 1987, 'நீதிக்குத் தண்டனை'. பாரதியார் பாட்டு, 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா'. ஜேசுதாஸோட சேர்ந்து பாடினப்ப அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போற வயசு" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எம்.எஸ்.வி. என்று நாற்பது வருஷமாகப் பேசுகிறேன். அவர் கைபிடித்துக் கொண்டுவந்து நிறுத்திய பெண்ணைத்தான் நான் யாரென்று கேட்டிருக்கிறேன். முதல் பாட்டே மகளைக் கொஞ்சுகிற பாட்டு.

டீச்சரம்மாவின் போனில் அதைத் தேடி எடுத்துப் போட்டோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடி, விரலைத் தொடையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னொரு தடவை போடும்மா" என்று சொன்னது அவர்தான். காருக்குறிச்சிக்கு அப்புறம் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை.

பாப்பா, அன்றைக்கு நான் பேசினது தப்பு. நீ அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், திட்ட வேண்டுமானால் திட்டு.

வருகிற செப்டம்பர் 12க்கு என்ன பாட்டு போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும். 'கருத்தம்மா' வேண்டாம், அதை இனி என்னால் ஒரு தடவைக்குமேல் தாங்க முடியாது. கொஞ்சம் சந்தோஷமான பாட்டாக இருக்கட்டும். உன் பையனுக்குத் தெரிந்த பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு வீடியோவில் அவனையும் கூட்டத்தில் உட்கார வைக்கலாம்.

உங்கம்மா புளி கொட்டை எடுத்து உருட்டி வைத்திருக்கிறாள். அங்கே அதையெல்லாம் உள்ளே விடுவார்களா என்று கேட்டுச் சொல். கேசட்டுப் பெட்டியை வேப்பிலை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அப்பா.