மேடை வேண்டாம், ப்ளக் பாயிண்ட் போதும்

சிகாகோ மேக்ஸ்வெல் தெருச் சந்தையை நடத்தும் நகராட்சியினருக்கு,

வணக்கம். சந்தை 1994-இல் கனால் தெருவுக்கும் 2008-இல் டெஸ்ப்ளேன்ஸ் தெருவுக்கும் போனது. கடைகளை இடம் மாற்றுவது எளிது. தெருவில் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை) வாசிப்பவரை மாற்றுவது அப்படியல்ல. ப்ளூஸ் என்றதும் மேடை போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்.

பழைய மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிறுதோறும் வாசித்தவர்கள் பக்கத்து வீட்டுக்கோ கடைக்கோ சில்லறை கொடுத்து, ஜன்னல் வழியே ஒயர் இழுத்து ஆம்ப் (ஒலிபெருக்கி) ஓட்டினார்கள். ப்ளூஸ் கிட்டார்க்காரர் ராபர்ட் நைட்ஹாக் 1964-இல் அங்கே வாசித்தது ஒலிப்பதிவாக இருக்கிறது. அந்தச் சந்தை இரைச்சலில் வெறும் மரக்கிட்டார் எடுபடாது.

மின் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சின்ன ஆம்ப் 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது எர்த். கிட்டார் ஆம்ப் ஒரு ஒயரிலும் மைக் ஆம்ப் வேறொன்றிலும் ஓடி, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் படும் நொடியில் ஷாக் அடிக்கும். ஈரத் தரையில் உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொருவர் இடத்திலும் எர்த் உள்ள, மின்கசிந்தால் உடனே ட்ரிப் ஆகும் ப்ளக் பாயிண்ட் வேண்டும். ஜெனரேட்டர் உதவாது, அதன் உறுமலை மீறவே சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், பிறகு புகாரும் வரும்.

முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். ஒலி தெருப்பக்கம் திரும்புவதால் ஆம்பைக் குறைத்தே வைக்கலாம். இருவருக்கு இடையே எத்தனை அடி என்று நாடா பிடிக்காதீர்கள்: ஒருவர் இடத்தில் நின்றால் அடுத்தவரின் தாளம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆளுக்கு 20 நிமிடம் என்ற மேடைக் கணக்கும் இங்கே செல்லாது. குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். வெயில் பட்டால் இறங்கும். சூடான காரிலிருந்து எடுத்த கிட்டார் நிலைக்கு வரவே அந்த நேரம் போய்விடும். ஸ்லைடு (கம்பி மேல் குழாயை வழுக்கி) வாசிப்பவர் ஓபன் ஜி என்ற சுருதியமைப்பில் (ஆறு கம்பிகளும் டி-ஜி-டி-ஜி-பி-டி) நாலைந்து பாட்டை இடைவெளியின்றிக் கோப்பதும் காரணமாகத்தான். சுருதி மாற்ற நிறுத்தினால் கூட்டம் கலைந்துவிடும், முன்னால் திறந்து வைத்த கிட்டார் பெட்டியில் காசும் விழாது. குறைந்தது 2 மணி நேரம் கொடுங்கள்.

கயிறும் தடுப்பும் கட்டாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தால்தான் டாலர் விழும்.

முதலில் நான்கு சுவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு எலக்ட்ரீஷியனையும் ஒரு கிட்டார்க்காரரையும் ஒரே ஞாயிறு அங்கே நிறுத்திப் பாருங்கள். கூரை, விளக்கு எல்லாம் அப்புறம்.

இப்படிக்கு,
தெருவில் வாசிப்போரும் ஒலியமைப்போரும்