மோட்டரும் பாடுது மச்சான்

அன்பு மச்சான்,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது, மாமி வந்து நிற்கிறா. பதில் போடாததற்கு ஏசிவிட்டு மேலே வாசி.

தோணிக்கு மோட்டர் பூட்டியாயிற்று. எஞ்சின் மாதிரிச் சத்தமே வராது என்று சின்னண்ணனிடம் பீற்றிக்கொண்டுதான் கல்லடிப் பாலத்தடியில் இறக்கினேன். மெல்ல ஓட்டினால் அடிப்பலகையே அதிருது! மனிசன் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மற்ற நுனியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நம்ம வாவியில் பாடும் மீனுக்குப் போட்டியாகவா கொண்டு வந்தாய்?" என்றார்.

நீ பெயாரிங் என்பாய். உனக்கு எது கெட்டாலும் பெயாரிங்தானே. கரண்டை நிறுத்தி மோட்டரைச் சுழலவிட்டேன், இரைச்சல் உடனே நின்றது. பெயாரிங் என்றால் அப்போதும் கத்தியிருக்கும்.

மோட்டரைச் சுழற்றுகிற முறுக்குவிசைதான் சீராக வரவில்லை. அதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். காந்தங்கள் இரும்புப் பற்களைப் பிடித்து இழுப்பது ஒன்று. அது கரண்ட் இல்லாமலே இருக்கும். மூன்று வயரும் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்து, கையால் மெல்லத் திருப்பினால் விரலில் தட்டுப்படும். என்னுடையது 12 பல், 14 காந்த முனை. இரண்டுக்கும் பொ.ம.சி., அதுதான் பொது மடங்குகளுள் சிறியது, 84, சுற்றுக்கு அத்தனை சின்னச் சின்ன இழுப்பு. அதே 12 பல்லுக்கு 8 முனை என்றால் 24தான், ஒவ்வொன்றும் பலமாக இழுக்கும். பொ.ம.சி. எதற்கென்று கேட்டுக் குட்டு வாங்கினாயே, இதற்குத்தான்.

பாட்டுக்குக் காரணம் அதுவல்ல, மோட்டருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற கண்ட்ரோலர். மோட்டர் சுழலும்போது அதுவே உண்டாக்கும் மின்னழுத்தம் சைன் அலை, வழுவழுவென்று ஏறி இறங்கும். கண்ட்ரோலரோ கரண்டை ஆறு படியாக மாற்றிக் கொடுக்கிறது. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் விசை உச்சத்தில் 87 வீதத்துக்கு இறங்கி ஏறும். ஒரு சோடி முனைக்கு ஆறு என்றால் 7 சோடிக்குச் சுற்றுக்கு 42 உதறல், நிமிடத்துக்கு 300 சுற்றில் செக்கனுக்கு 210. துடுப்பில் கேட்டது அதுதான்.

சைன் கரண்ட் கொடுக்கிற கண்ட்ரோலர் ஒன்று மாற்றினேன். காந்தம் நிற்கும் இடத்தை உணரும் மூன்று ஹோல் சென்சர்களும் 60 மின்பாகைக்கு (ஒரு சோடி முனை கடப்பது 360 மின்பாகை) ஒருமுறைதான் இடம் காட்டும், மிச்சத்தை அது கணக்குப் போட்டு ஊகிக்கும். ஒரு சென்சர் கொஞ்சம் விலகியிருந்தாலும் ஊகம் பிழைத்து உதறல் திரும்ப வந்துவிடும். அதனால் மூன்றையும் அளந்துதான் ஒட்டினேன். இப்போது பலகை அதிர்வதில்லை.

வேகமாக ஓடினால் சுழலும் பாரமே உதறலை விழுங்கிவிடும், உண்மைதான். ஆனால் வலை விடும்போது ஊர்ந்துதான் போகவேண்டும். மச்சான், சின்னண்ணனால் இனித் துடுப்புப் போட ஏலாது. தோள் போய்விட்டது. உனக்குச் சொல்லவேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன். நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே.

மறுகா, ஊர்ந்து போகையில் மிஞ்சியிருப்பது காந்த இழுப்புத்தான். காந்தங்களை 4.3 பாகை சரித்து ஒட்டினால் அதுவும் அடங்கும். 360ஐ 84ஆல் வகுத்துப் பார். விசை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வரும்போது சூட்டுக்கு இளகாத பசையாகப் பார்த்து வாங்கி வா. மூர்த்தி என் காசை இன்னும் தரவில்லை, அவனுக்கும் ஒரு போன் போடு.

உன்,
ரவி